ருசி பாக்காம கிண்டின மீட்டி சட்னி

பம்பாய் செம்பூர்ல வளர்ந்தவ நான். சின்ன வயசுல எனக்கு சட்னின்னா ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு தீக்கா, அதாவது காரம், இன்னொண்ணு மீட்டா, இனிப்பு. ஸ்கூல் விட்டு வர்ற வழியில பேல்பூரிக்காரர் பொரியைக் குலுக்கிண்டே "தீக்கா? மீட்டா? மீடியம்?"னு கேப்பார், நான் எப்பவும் மீட்டா, அதுவும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு கெஞ்சி காகிதக் கூம்பு அடியில ஒழுகி யூனிஃபார்ம்ல கறையாகற வரைக்கும். புளி, வெல்லம், பேரீச்சம்பழம் மூணும் சேர்ந்து ஒரு கருஞ்சிவப்புல பளபளன்னு இருக்குமே அதுதான். அது ஏதோ ரோட்டுல மட்டும் விளையற வஸ்துன்னே ரொம்ப நாள் நெனச்சிண்டிருந்தேன்.

கல்யாணமாகி வந்தது ஸ்ரீரங்கத்துக் குடும்பம், ஜாகை மேற்கு மாம்பலம். ஆத்துல மூணு சாளக்கிராமம், பெருமாளாவே வச்சுப் பூஜை பண்றது. நேபாளத்துல கண்டகி நதியில கிடைக்கற கல்லுதானேன்னு வெளியில நிக்கறவா சொல்லிடலாம், ஆனா சாளக்கிராமம் இருக்கற ஆத்துல ஒரு நாள் கூட அடுப்பு லீவு எடுக்க முடியாது, தினமும் திருமஞ்சனம்னு அபிஷேகம், தினமும் தளிகைன்னு அவருக்கான சமையல், ஊருக்குப் போனா யாராவது ஒருத்தர் பின்தங்கணும், இல்லேன்னா சின்ன வெள்ளிச் சம்புடத்துல பெருமாளையும் கூட எழுந்தருளப் பண்ணிண்டு போகணும். இதெல்லாம் எனக்கு சீக்கிரம் பழகிடுத்து. பழகாதது ஒண்ணே ஒண்ணு, பண்றதை ருசி பாக்கக் கூடாதுங்கறது.

எங்கம்மா ஆத்துல சாம்பார் கொதிக்கறப்போ உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்துட்டுதான் அடுத்த வேலை. இங்க அது எச்சில், அந்தத் தளிகையே பெருமாளுக்கு ஆகாது. முதல்ல அவர் அமுது செய்யணும், அப்பறம்தான் நமக்கு. அவர் முன்னாடி வைக்காத எதுவும் ஆத்துக்குள்ள சாப்பிடறதுமில்ல. கறாராப் பாத்தா வாசனை பிடிக்கறது கூட தப்பு. ஆனா மூக்கை எங்க கழட்டி வைக்கறது? இதுக்கு மாமியார் ஒரு விளக்கம் வச்சிருந்தார், "நாமளா மோந்து பாக்கறது வேற, வாசனை தானா வந்து மூக்குல விழறது வேற." இருபது வருஷமா நானும் அந்த ஒரு வரியை வச்சுண்டுதான் தளிகை பண்ணிண்டிருக்கேன்.

சாட் பக்கமே போகாத குடும்பம் இது. (ஆபீஸ் வாசல்ல நான் யாருக்கும் தெரியாம சாப்பிட்ட தஹி பூரி கணக்கெல்லாம் இங்க வேண்டாம், மாமியார் இதைப் படிக்க மாட்டார், ஆத்துக்காரர் படிப்பார்.) என் பொண்ணுக்கு ஒன்பது வயசு இருக்கறப்போ ஃப்ரெண்ட் பர்த்டே பார்ட்டியில பேல்பூரி சாப்பிட்டுட்டு வந்து நேரா பாட்டிகிட்ட போய், "பாட்டி, பெருமாளுக்கு பேல்பூரி பிடிக்காதா?"ன்னு கேட்டுடுத்து. எனக்கு வயத்தைக் கலக்கித்து. மாமியார் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "யாரும் பண்ணிக் குடுத்ததில்லையேடி, அவருக்கு எப்படித் தெரியும்?"னார்.

அவ்ளோதான், பர்மிஷன் கெடச்சாச்சு. ஆனா கடையில பாட்டில் வாங்கிண்டு வந்து வைக்கற கதையே கிடையாது, அதுல பூண்டு விழுந்திருக்கா, எந்தப் பாத்திரத்துல பண்ணினா, யார் நக்கிப் பாத்தான்னு யாருக்குத் தெரியும். எல்லாம் ஆத்துலயே பண்ணணும். வெங்காயம் பூண்டு இல்லாம சாட் நிக்கும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, சின்ன வயசுல ஜூஹூ ஹரே கிருஷ்ணா கோயிலுக்குப் போறப்போ அங்க சாப்பிட்ட சமோசாவுல ரெண்டும் கெடையாது, சட்னியிலயும் கெடையாது, எங்களுக்கு ஒண்ணும் குறையாத் தெரிஞ்சதில்ல. மீட்டி சட்னிக்கு இயல்பாவே வெங்காயம் பூண்டு தேவையில்ல. நம்ம சமையல் உள்ளுக்கு இது ஏற்கெனவே பாதி மடியா, ஆசாரமாத்தான் வந்து நிக்கறது.

மீதிப் பாதிக்குத்தான் பஞ்சாயத்து. முதல் பஞ்சாயத்து காலா நமக். பம்பாய்லேர்ந்து பெரியம்மா அனுப்பிச்ச அந்தக் கருப்பு உப்பு பாக்கெட்டைப் பிரிச்ச உடனே மாமியார் முகம் சுளிச்சார், "என்னடி இது, முட்டை நாத்தம்!" அவர் முட்டையை மோந்து பாத்தே இருக்க மாட்டார், ஆனா கரெக்டா சொல்லிட்டார். அந்த உப்புல கந்தகச் சேர்மானம் இருக்கு, அதனாலதான் அந்த வாசனை, முட்டை சாப்பிடாதவா முட்டை வாசனைக்காகவே அதைப் போடறதும் உண்டு. நாத்தம் வர்றதை பெருமாளுக்குக் கண்டருளப் பண்றதா, நைவேத்தியம் வைக்கறதான்னு ஒரே வார்த்தையில தள்ளுபடி. இந்துப்புதான்னு முடிவாச்சு. உண்மையைச் சொல்லணும்னா எங்காத்து சட்னிக்கும் ரோட்டுக்கடை சட்னிக்கும் இருக்கற வித்தியாசம் முழுக்க அந்த ஒரு உப்புதான், எனக்கு இன்னிக்கும் அந்தக் குறை உண்டு.

அடுத்தது பெருங்காயம். ஏகாதசிக்கும் ஆகற மாதிரி ஒரு பாட்டில் இருக்கட்டும், வேர்க்கடலை உருளைக்கிழங்கோட தொட்டுக்கலாம்னு நெனச்சு டப்பாவைத் திருப்பிப் படிச்சா, கூட்டுப் பெருங்காயம்னா மைதாவும் கோந்தும் சேர்த்துதான் வருமாம். தானியம் வேண்டாம்னு விரதம் இருந்துண்டு பெருங்காயம் வழியா கோதுமையை உள்ள விட்டுண்டிருந்திருக்கோம் இத்தனை வருஷமா! மாமியாருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. இப்போ பால் பெருங்காயம் வாங்கறோம், ஒரு கடுகளவு போதும், விலையைச் சொன்னா நீங்க தூங்க மாட்டேள்.

மிளகாய்ப் பொடிக்கும் ஒரு சின்ன சண்டை. பல பெருமாள் கோயில் மடப்பள்ளியில மிளகாய் உள்ள போகாது, காரம்னா மிளகுதான், ஏன்னா மிளகாய் போர்ச்சுக்கீசியர் காலத்துல அமெரிக்கா பக்கத்துலேர்ந்து வந்த வெளியூர்ச் சரக்கு. மிளகு மட்டும் போட்டா மீட்டி சட்னி கஷாயம் மாதிரி ஆயிடும்னு நான் வாதாடினேன். "ஆத்துப் பெருமாள் அவ்ளோ கறார் இல்ல"ன்னு மாமியார் விட்டுட்டார். புளியும் ஆதியில ஆப்பிரிக்கா மரம்தான்னு எனக்குத் தெரியும், ஆனா அன்னிக்கு வாயைத் திறக்கல, திறந்திருந்தா புளியோதரையும் போயிருக்கும். சும்மா சொல்றேன், போயிருக்காது. ஆழ்வார்திருநகரியில நம்மாழ்வார் உக்காந்ததே புளியமரத்தடியிலதான், சாதாரணப் புளிய இலை ராத்திரியானா மூடிக்கும், அது மூடாதுன்னுதான் உறங்காப்புளின்னு பேர். அப்படிப்பட்ட மரத்தை யார் வெளியூர்னு சொல்றது.

இப்போ புளிக்கு வரேன், நான் இதை எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

ருசி பாக்கக் கூடாதுன்னா சட்னியில புளிப்பு எவ்ளோ, இனிப்பு எவ்ளோன்னு எப்படித் தெரியும்? அளந்து போடுன்னு சொல்லலாம். ஆனா புளி அளவுக்குக் கட்டுப்படற சாமான் இல்ல. மத்த பழம் பலதும் பழுக்கப் பழுக்க புளிப்பு குறைஞ்சு இனிப்பு ஏறும். புளியில இனிப்பு ஏறுமே தவிர புளிப்பு அப்படியே நிக்கும், டார்டாரிக் அமிலம்னு அதுல இருக்கறது பழுத்தாலும் குறையாது. அதனால ஒரே வாயில ரெண்டும் இருக்கும், எது எவ்ளோங்கறது மரத்துக்கு மரம் வருஷத்துக்கு வருஷம் மாறும். இருநூறு கிராம் புளிங்கறது ஒரு வருஷம் அடக்க ஒடுக்கமா இருக்கும், அடுத்த வருஷம் பல்லைக் கூச வைக்கும்.

மாமியார் வழி வேற. மாசி பங்குனியில புதுப்புளி வரும், கிருஷ்ணகிரி தருமபுரி பக்கத்துச் சரக்கு, மூட்டைக்காரர் கொண்டு வந்து வாசத் திண்ணையில இறக்குவார். அது சமையல் உள்ளுக்குள்ள போற வரைக்கும் வெறும் சரக்குதான், தளிகை ஆகல. அங்கயே, வாசல்லயே, ஒரு புளியைப் பிச்சு வாயில போட்டுப் பாப்பார். இந்த ஒரு இடத்துலதான் நாக்குக்கு அனுமதி. கண்ணை மூடிண்டு, ஒரு பக்கக் கன்னத்துல ஒதுக்கி, கோதைத் துப்பிட்டு, "போன வருஷத்துக்கு ஒண்ணே கால்"னு ஒரு கணக்கு சொல்லுவார். அவ்ளோதான். அந்த ஒண்ணே காலை வச்சுண்டு வருஷம் பூரா சாற்றமுது (ரசம்தான்), புளிக்காய்ச்சல், குழம்பு எல்லாம் ஓடும். அப்பறம் கொட்டை எடுத்து, நார் உருவி, ரெண்டு நாள் வெயில்ல போட்டு, கல்லுப்பு தூவி உருட்டி ஜாடியில அமுக்கி வச்சுடுவோம்.

அந்தக் கல்லுப்புதான் என்னைக் கவுத்தது. முதல் தடவை நெட்ல பாத்த அளவை வச்சுண்டு இருநூறு புளி, முந்நூறு வெல்லம், நூறு பேரீச்சம்பழம், ரெண்டு ஸ்பூன் உப்புன்னு போட்டேன். அவா சொன்னது உப்பு போடாத பாக்கெட் புளிக்கு. எங்காத்துப் புளி ஏற்கெனவே உப்புல ஊறினது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி திரை திறந்து, பொண்ணு பேல்பூரியை ஒரு வாய் போட்டுண்டு கண்ணுல தண்ணியோட என்னைப் பாத்துது. நான் அழற மாதிரி ஆயிட்டேன், எனக்காகக் கூட இல்ல, முதல்ல சாப்பிட்டவர் அவர் இல்லையா. மாமியார் ஒண்ணுமே சொல்லாம வெள்ளி வட்டில்ல இன்னொரு தடவை தீர்த்தம் சேர்த்து சன்னிதியில வச்சுட்டு வந்தார். "இன்னிக்கு ராத்திரி பூரா தண்ணி கேப்பார், பாவம்."

ரெண்டாவது தடவை பாத்திரம். பரண்லேர்ந்து அழகா ஒரு பித்தளை உருளி எடுத்துத் தேச்சு அதுல கிண்டினேன். ஈயம் பூசி எவ்ளோ வருஷம் ஆச்சுன்னு பாக்கல. புளியைப் போட்டுதானே பித்தளையையே தேய்க்கறோம், அதே புளி உள்ள கொதிச்சா உருளியை உரிக்காம என்ன பண்ணும், களிம்பு வாடை அடிச்சு மொத்தமும் கொட்டியாச்சு. அது பெருமாள்கிட்டயே போகல. ஈயம் பூசறவர் தெருவுல கூவிண்டு வந்த காலமெல்லாம் போயாச்சு, இப்போ அந்த உருளியில பூ மிதக்க விட்டு ஹால்ல வச்சிருக்கேன், வர்றவா எல்லாம் அழகா இருக்குன்னு சொல்றா.

மூணாவது தடவை கல்சட்டி. மாக்கல்லுக்குப் புளி ஒண்ணும் பண்ணாது, வடிச்ச கஞ்சி ஊத்திப் பல நாள் பழக்கினது. ஆனா கல்சட்டி அடுப்பை அணைச்சப்பறமும் கால் மணி நேரம் தானா கொதிச்சிண்டே இருக்கும். சட்னி பதம் வந்துடுத்துன்னு நான் அணைச்சப்பறம் அது பாட்டுக்குக் கொதிச்சு, வெல்லமும் ஆற ஆற இறுகி, சாயந்தரம் பாத்தா அல்வா. கத்தியால வெட்டிக் குடுத்தேன்னு ஆத்துக்காரர் இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்றார். கத்தியெல்லாம் இல்ல, ஸ்பூன்தான்.

அதுக்கப்பறம்தான் மாமியார் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தார். முதல்ல எல்லாத்தையும் சின்னச் சின்னக் கிண்ணத்துல அளந்து மேடையில வரிசையா வச்சுக்கணும், வெல்லம், உப்பு, மிளகாய்ப் பொடி, சுக்குப் பொடி, வறுத்த ஜீரகப் பொடி, பெருங்காயம். போட்டோமா போடலையான்னு நாக்கைக் கேக்க முடியாது, காலிக் கிண்ணத்தைத்தான் கேக்கணும். புளியைக் கொதிக்கற வெந்நீர்ல அரை மணி ஊற வைக்கணும், இருநூறு கிராமுக்கு முக்கா லிட்டர் வரைக்கும் இழுக்கும், ஆனா ஒரேயடியா ஊத்தாம மூணு தடவையாப் பிரிச்சு. ஆறினப்பறம் கையை விட்டுப் பிசையணும், மிக்ஸியில அடிச்சா கோதும் நாரும் சேர்ந்து அரைஞ்சு துவர்ப்பு இறங்கிடும். விரலிடுக்குல வழுவழுன்னு சதை நழுவி வெறும் நார் மட்டும் கையில நிக்கணும், எங்கயாவது ஒரு கொட்டை தப்பிச்சிருந்தா அதுவும் அப்பதான் சிக்கும். கையில கீறல் இருந்தா அன்னிக்கு வேற யாராவது பிசையட்டும், அந்த எரிச்சல் சொல்லி மாளாது. பேரீச்சம்பழத்தையும் தனியா ஊற வச்சு மசிச்சு ரெண்டையும் சல்லடையில தேச்சு வடிகட்டணும்.

வெல்லம் மஞ்சளா பளிச்சுன்னு இருந்தா வாங்காதீங்கோ, வெளுக்கறதுக்கு ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டிருக்கலாம். கருப்பா அழுக்கா இருக்கறதுதான் இதுக்கு ராசி. கொஞ்சம் தண்ணியில கரைச்சு மண் வடிகட்டிட்டு அப்பறம் சேர்க்கணும், இல்லேன்னா கடைசியில பல்லுல நறநறங்கும், அதுவும் சட்னியோட தப்புன்னுதான் நம்ம தலையில விழும்.

கொதி வந்தப்பறம் காதுதான். இதை நான் முதல்ல நம்பல. ஆரம்பத்துல ரசம் மாதிரி சலசலங்கும். பத்து நிமிஷத்துல தளதளன்னு கொஞ்சம் கனமாகும், பச்சை வாசனை போயிருக்கும் (தானா வந்து மூக்குல விழும்). இருபது நிமிஷம் கிட்ட சத்தம் ஒண்ணொண்ணா பிரிஞ்சு "பொளக்... பொளக்"னு நடுவுல இடைவெளி விட்டு வரும், ஒவ்வொரு பொளக்குக்கும் ஒரு சொட்டு வெளியில தெறிக்கும், என் வலது மணிக்கட்டுல அதுக்கு சாட்சியா ஒரு தழும்பு இருக்கு. எவர்சில்வர்னா இந்த இடத்துல அணைக்கலாம். கல்சட்டின்னா தளதள முடியறப்போவே, இன்னும் தண்ணியா இருக்கேன்னு மனசு அடிச்சிண்டாலும் அணைச்சுடணும். சந்தேகம்னா ஒரு தட்டுல சொட்டு விட்டு சாய்ச்சுப் பாக்கலாம், ஓடாம மெதுவா நகர்ந்தா சரி, அந்தச் சொட்டைக் கழுவி ஊத்திடணும், வழிச்சு நக்கிடக் கூடாது. என் கை எத்தனை தடவை வாய்கிட்ட போய்த் திரும்பி வந்திருக்குன்னு அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும்.

நாக்குக்கு எல்லாம் முடிஞ்சப்பறம் ஒரு வேலை உண்டு. அது நோட்டு. பழைய டைரி ஒண்ணுல மாமியார் பல வருஷமா எழுதிண்டு வர்றார், புளிக்காய்ச்சல், திருக்கண்ணமுதுங்கற பாயசம், எல்லாத்துக்கும். அமுது செஞ்சு பிரசாதமானப்பறம் சாப்பிட்டுட்டு அன்னிக்கே ஒரு வரி. சட்னிக்கும் ஒரு பக்கம் போட்டுக் குடுத்தார். "உப்பு அதிகம். புளியில உப்பு உண்டு, பாதி போடு." "இனிப்பு தூக்கல். வெல்லம் 260." "சுக்கு எரியறது." அடுத்த தடவை பண்றவ முந்தின தடவை நாக்கை வச்சுண்டு பண்ணணும். யோசிச்சா எங்காத்துல நடக்கற ருசி பாக்கறது இதுதான், சாப்பிட்டது போன மாசம், உப்பு போடறது இந்த மாசம்.

பாட்டில் விஷயமும் சொல்லிடறேன், நிறைய பேர் கேக்கறா. புளியும் வெல்லமும் இருக்கறதால ஈர ஸ்பூன் படாம ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு மாசம் தாராளமா நிக்கும். ஆனா ஒரு தடவை கண்டருளப் பண்ணினது பிரசாதம், அதையே மறுபடி அவர்கிட்ட கொண்டு போக முடியாது. அதனால சூடு ஆறின உடனே ரெண்டு பாட்டில், ஒண்ணு தொடாம அவருக்குன்னு, இன்னொண்ணு அன்னிக்கே துளசி சேர்த்துக் கண்டருளப் பண்ணி நமக்கு. அவர் பாட்டில்ல ஒரு சங்கு சக்கர ஸ்டிக்கர். ஒரு நாள் நடுராத்திரி ஆத்துக்காரர் பசிக்கு பிரெட்ல தடவிக்கறேன்னு இருட்டுல ஸ்டிக்கர் பாட்டில்ல ஸ்பூனை விட்டு, அதை நக்கி, மறுபடி விட்டு... காலையில சுவத்தைப் பாத்துண்டே ஒத்துண்டார். மொத்தமும் நம்ம பக்கம் வந்தாச்சு. பொண்ணுக்கு சந்தோஷம்.

ஏகாதசிக்கு மறுநாள் துவாதசியன்னிக்கு இது எதுவும் வெளியில வராது, அன்னிக்குப் புளியே கிடையாது, நெல்லிக்காய், சுண்டைக்காய், அகத்திக்கீரைதான். ஏகாதசிக்கு நமக்கு விரதம், துவாதசிக்குப் புளிக்கு விரதம்னு எங்க மாமனார் சொல்லுவார்.

பேல்பூரி பத்தி ஒரு வரி. வெங்காயத்துக்கு பதிலா கிளிமூக்கு மாங்காயும் வெள்ளரியும் பொடியா நறுக்கி, ஆத்துல பிழிஞ்ச ஓமப்பொடி, வேர்க்கடலை, பொரி, மேல இந்த சட்னி. பொரியைக் கடைசி நிமிஷத்துல கலக்கணும், இல்லேன்னா சன்னிதியில திரை போட்டு மந்திரம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நமுத்துப் போயிடும். இதுல அவசரப்படறதுல எங்காத்துல யாருக்கும் வெக்கமில்ல, பேல்பூரி அன்னிக்கு மட்டும் மந்திரம் கொஞ்சம் வேகமாத்தான் போகும்.

மாமியாரால இப்போ அடுப்புகிட்ட நிக்க முடியல. போன வாரம் பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து வந்திருந்தா, இந்த வருஷப் புளியில முதல் தடவை பண்ணினேன். மாமியார் சமையல் உள் வாசல்ல நாற்காலியைப் போட்டுண்டு ஜபமாலையோட உக்காந்திருந்தார், கண் மூடியிருந்தது, தூங்கறார்னு நெனச்சேன். தளதள நடுவுல "போறும், அணை"ன்னு குரல் வந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. அணைச்சேன். சாயந்தரம் கண்டருளப் பண்ணி, எல்லாரும் சாப்பிட்டு, நான் டைரியை எடுத்து "புளி 200, வெல்லம் 280, உப்பு சரி"ன்னு எழுதி மூடப் போனேன். "இங்க குடு"ன்னார். கண்ணாடியைப் போட்டுண்டு படிச்சுட்டு, என் பேனாவை வாங்கி, "சரி"யை அடிச்சுட்டு, கை நடுங்க நடுங்க மேல எழுதினார்: "ஒரு கல் கம்மி."